வாசல் இல்லாத வீடும் இரண்டு குப்பைத் தொட்டியும்

கூட்டரசு நெடுஞ்சாலையில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகிறவர் யாரும் கோத்தா டாருல் ஏசான் வளைவைப் பார்க்காமல் போக முடியாது. 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி சிலாங்கூர் தன் தலைநகரைக் கூட்டரசுக்கு விட்டுக்கொடுத்தது. அதன் நினைவாகப் பின்னர் எழுப்பிய வளைவு அது. அடியில் போகும் வண்டிகள் வேகத்தைக் குறைப்பதில்லை. சாவடியும் இல்லை, காவலும் இல்லை. ஆனாலும் அந்த வளைவைத் தாண்டியதும் குப்பைக்கான சட்டம் மாறிவிடுகிறது.

கோலாலம்பூரில் நடப்பில் இருப்பது 672-ஆம் எண் திடக்கழிவுச் சட்டம். 2007-இல் இயற்றப்பட்டு 2011 செப்டம்பரில் அமலுக்கு வந்த இச்சட்டத்தைச் சில மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன, சிலாங்கூர் ஏற்கவில்லை. 2008 தேர்தலில் சிலாங்கூர் எதிர்க்கட்சிகளின் கைக்குப் போயிருந்தது. குப்பை அள்ளும் பொறுப்பையும் அதோடு வரும் குத்தகைகளையும் கூட்டரசிடம் ஒப்படைக்க எந்த மாநில அரசுக்குத்தான் மனம் வரும்? ஆக, பிரிக்பீல்ட்ஸில் தரை வீட்டில் இருக்கும் அண்ணன் குப்பையைப் பிரிக்காவிட்டால் அபராதம். கிள்ளானில் இருக்கும் தம்பி அதே குப்பையை ஒரே பையில் கட்டி வைத்தால் கேட்க அந்தச் சட்டம் இல்லை. ஆற்றுக்கும் இதே கதிதான். கிள்ளான் ஆற்றின் மேல்பகுதியைத் துப்புரவாக்குவது கூட்டரசின் திட்டம். மிட் வேலிக்குக் கீழே கடல்வரை உள்ள 56 கிலோமீட்டர் சிலாங்கூர் மாநிலத்தின் திட்டம். தண்ணீருக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது.

நகரங்களில் சுற்றுச்சூழலுக்காக எடுக்கும் முயற்சிகளை ‘சோதனை’ என்று அழைப்பது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. 2010-இல் ஸுவேமை பாய் என்ற ஆய்வாளரும் அவரோடு இருவரும் ஆசிய நகரங்களில் நடந்த இத்தகைய முயற்சிகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒவ்வொரு முயற்சியையும் எது தூண்டியது, யார் செய்தார்கள், யாரோடு யார் கைகோத்தார்கள், எது தடுத்தது, எந்த வழியில் வளர்ந்தது என்று ஐந்து கேள்விகளால் அளந்தார்கள். நல்ல அளவுகோல்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் கொஞ்ச காலம் வாழ்ந்தவருக்கு ஆறாவதாக ஒரு கேள்வியையும் சேர்க்கத் தோன்றும்: இந்தத் திட்டத்தை வரைந்தவர்கள் எந்த மாதிரி வீட்டை மனத்தில் வைத்து வரைந்தார்கள்?

2015 செப்டம்பர் 1-ஆம் தேதி, 672-ஐ ஏற்ற இடங்களில் எல்லாம், வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயமானது. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பைக்கு லாரி வரும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளுக்கு வரும். ‘இரண்டு கூட்டல் ஒன்று’ என்று அதற்குப் பெயர். 2016 ஜூன் முதல் அபராதமும் தொடங்கியது: முதல் தடவை 50 ரிங்கிட், இரண்டாவது 100, மூன்றாவது 500. அறிவிப்புத் தாள்களில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். அந்தப் படத்தில் இருந்த வீட்டைக் கவனித்தால் போதும். தரை வீடு. முன்னால் இரும்புக் கேட். கேட்டுக்கு வெளியே சக்கரம் வைத்த தொட்டி, பக்கத்தில் மறுசுழற்சிப் பை. சொல்லாமல் சொன்ன இன்னொன்றும் அதில் உண்டு: இன்றைக்கு எந்த லாரி வரும் நாள் என்று நினைவு வைத்துக்கொள்ளும் அளவுக்கு நேரமுள்ள ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார்.

இப்போது லெம்பா பந்தாய் பக்கம் ஒரு பிபிஆர் அடுக்குமாடிக்குப் போவோம். மக்கள் வீடமைப்புத் திட்டம் என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதும். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பிபிஆர்தான். மாநகர் மன்றத்துக்கு மாத வாடகை 124 ரிங்கிட். சுமார் 700 சதுர அடிக்குள் மூன்று அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. அந்தச் சமையலறையில் கேஸ் தோம்பு, துணி துவைக்கும் இயந்திரம், அரிசி வாளி, அலமாரிக்கு மேல் முருகன் படம். இவற்றுக்கு நடுவே ஒருவர் திரும்பி நின்றால் இன்னொருவர் வெளியே நிற்கவேண்டும். குப்பைக்கென்று இருக்கும் ஒரே இடம் கதவின் கைப்பிடி; பேரங்காடிப் பை ஒன்று அதில் தொங்கும். பை நிறைந்ததும் வேலைக்குப் போகிறவர் கையோடு எடுத்துப் போய்க் கீழே போடுவார். மின்தூக்கி ஓடினால். ஓடாவிட்டால் பதினாறு மாடி. இரவு ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு வரும் கணவன், ஏழரைக்குத் துப்புரவு வேலைக்குக் கிளம்பும் மனைவி, இடையில் பள்ளிப் பிள்ளைகள். இந்த வீட்டில் இரண்டாவது பை எங்கே தொங்கும்?

வளைவுக்கு அந்தப் பக்கம், சிலாங்கூர் அடுக்குமாடிகளின் கைப்பிடியில் தொங்கிய இதே மாதிரிப் பைக்கும் ஒரு சோதனை வந்தது. சிலாங்கூர் 2010-லேயே சனிக்கிழமைகளில் பிளாஸ்டிக் பை கொடுப்பதில்லை என்று தொடங்கி, 2017 ஜனவரி 1 முதல் எல்லா நாளும் ஒரு பைக்கு 20 காசு என்றாக்கியது. நோக்கத்தில் பழுது சொல்ல முடியாது. ஆனால் ஏழைக் குடும்பத்தில் கடைப்பை ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப் போடும் பொருளாக இருந்ததே இல்லை. அதுதான் மறுநாள் குப்பைப் பை. கடைப்பை நின்றபோது கறுப்புக் குப்பைப் பையைக் காசு கொடுத்து வாங்கவேண்டியதாயிற்று. பிளாஸ்டிக் எவ்வளவு குறைந்ததோ, செலவு ஒன்று கூடியது.

2018 ஜனவரியில் லெம்பா பந்தாய் வட்டாரத்தின் ஓர் அடுக்குமாடியில், மேலிருந்து யாரோ எறிந்த நாற்காலி விழுந்து கீழே நடந்துவந்த பள்ளி மாணவன் ஒருவன் இறந்துபோனான். நாடே அதிர்ந்தது. அப்போது பத்திரிகைகளிலும் காப்பிக் கடைகளிலும் கேட்ட ஒரே வார்த்தை ‘மனப்பான்மை’. அடுக்குமாடிக்காரர்களுக்கு மனப்பான்மை சரியில்லை. எறிந்தவர் குற்றவாளி, அதில் இரண்டு கருத்து கிடையாது. ஆனால் இந்த மனப்பான்மைப் பேச்சு ஒரு வரலாற்றை மறைத்துவிடுகிறது. இந்த அடுக்குமாடிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கணிசமானவை தோட்டத்திலிருந்து வந்தவை. லயன் வீட்டில் வாசல் இருந்தது. மிஞ்சிய சோறு கோழிக்கும் நாய்க்கும், கழனித் தண்ணீர் மாட்டுக்கு, சருகும் தாளும் பின்னால் ஒரு குழிக்கு, பழைய தகரம் கோழிக் கூண்டுக்கு. அதைப் பிரித்துவைத்தல் என்று யாரும் சொல்லவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, இவர்கள் புறம்போக்குக் கம்பங்களுக்குப் போனார்கள், அங்கிருந்து அடுக்குமாடிக்கு. பழக்கத்தைத் தாங்கிய நிலம் போய்விட்டது. குழி இல்லாத, கோழி இல்லாத பதினாறாம் மாடியில் அந்தப் பழக்கம் எதில் கால் ஊன்றும்?

அதே அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடத்துக்கு ஞாயிறு காலையில் ஒரு சிறு லாரி வரும். ஒலிபெருக்கியில் ‘சூராட் காபார் லாமா’ என்று பதிவு செய்த குரல் திரும்பத் திரும்பக் கேட்கும். பழைய பேப்பர், அட்டைப்பெட்டி, உடைந்த மின்விசிறி, காடி பேட்டரி எல்லாம் இறங்கி வரும். மேல்மாடிப் பாட்டி ஒருவர் வாரம் முழுக்க மிதித்து நசுக்கிச் சேர்த்த அலுமினிய டப்பாக்களை ஒரு அரிசிச் சாக்கில் கட்டி இழுத்துவருவார். தராசில் தொங்கும்போது முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். பழைய இரும்புத் தொழிலில், இங்கே ‘பெசி பூரோக்’ என்பார்கள், தமிழர்கள் நீண்டகாலமாக ஊன்றியிருக்கிறார்கள். கிள்ளான், பூச்சோங் பக்கமெல்லாம் அவர்களுடைய கிடங்குகள் உண்டு. அரசாங்கம் சட்டம் போட்டுப் பிரிக்கச் சொன்னதற்கு வெகுகாலம் முன்பே, விலை இருந்ததெல்லாம் பிரிந்துகொண்டுதான் இருந்தது. பிரியாமல் கிடந்தது விலை இல்லாதது: மெல்லிய பிளாஸ்டிக், அழுக்கான உணவுப் பொட்டலம், குழந்தையின் டயாப்பர்.

இந்தத் தொழிலை நான் பாராட்டுப் பத்திரம் கொடுத்து உயர்த்தவில்லை. கிடங்கில் வேலை பார்ப்பவரின் கை வெட்டுக்காயங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். திருட்டுக் கம்பிகளும் மூடிகளும் அங்கே போய்ச் சேர்வதாகக் குற்றச்சாட்டும் உண்டு. சொல்ல வருவது இவ்வளவுதான்: அதிகாரபூர்வ ‘இரண்டு கூட்டல் ஒன்று’ இந்த லாரியை ஒரு பங்காளியாகக் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பாட்டியின் சாக்கும் புள்ளிவிவரத்தில் ஏறியிருக்கும்.

விலையின் வலிமையை இன்னும் தெளிவாகக் காட்டுவது எண்ணெய். அதைச் சொல்ல ஆற்றிலிருந்து தொடங்கவேண்டும்.

கோலாலம்பூரின் பெரும் ஆற்றுத் திட்டம் 2012 வாக்கில் தொடங்கியது. கிள்ளான், கொம்பாக் ஆறுகளும் துணையாறுகளுமாக 110 கிலோமீட்டர்; மதிப்பீடு 4.4 பில்லியன் ரிங்கிட். மூன்றாம், நான்காம், ஐந்தாம் தரத்தில் கிடந்த நீரை 2020-க்குள் உடலில் படக்கூடிய தரத்துக்கு, அதாவது 2பி நிலைக்கு, உயர்த்துவது இலக்கு. மஸ்ஜித் ஜாமெக் அருகே இரு ஆறுகள் கூடும் இடத்தில் நீல விளக்கும் பனிப்புகையும் 2017-இல் வந்தன. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. இலக்காண்டு வந்தபோது நீர் முழுவதும் அந்தத் தரத்தை எட்டியிருக்கவில்லை. காரணங்களில் ஒன்று பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களின் பின்சந்துகளில் இருக்கிறது.

கிள்ளான் ஆறு பிரிக்பீல்ட்ஸின் ஓரமாகத்தான் ஓடுகிறது. துன் சம்பந்தன் சாலையின் கடைவரிசையில் முன்பக்கம் வாழையிலைச் சாப்பாடு. பின்பக்கம் சந்தில் கால்வாய். உணவகம் ஒவ்வொன்றும் கழிவுநீரைக் கால்வாயில் விடுமுன் கொழுப்பைப் பிரிக்கும் ஒரு பெட்டியைப் பொருத்தவேண்டும். ‘கிரீஸ் டிராப்’ என்றே எல்லாரும் சொல்கிறார்கள். எஃகுப் பெட்டி, உள்ளே மூன்று தடுப்பு. மேலே மிதக்கும் கொழுப்பை அடிக்கடி வழித்தெடுக்கவேண்டும். எடுக்காமல் விட்டால் மஞ்சள் மெழுகு மாதிரி இறுகி, மூடியைத் திறக்கும்போது வரும் நாற்றத்தில் நிற்க முடியாது. அதை வழிப்பவர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ ஒப்பந்தத்தில் வந்தவர். பாத்திரம் கழுவுவது, மேசை துடைப்பது, இதுவும். அவருக்குக் கற்றுக்கொடுத்துப் பழகும்போது ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விடுவார், அடுத்தவருக்கு முதலிலிருந்து. முதலாளிக்கோ கடை வாடகைக் கடை. அடுத்த ஆண்டு வாடகை எவ்வளவு ஏறும், தான் அங்கே இருப்போமா என்பதே தெரியாதவர் கட்டடத்தின் கழிவுக்குழாயில் பணம் போட யோசிப்பார். அதிகாரி வரும் நாளில் பெட்டி பளபளக்கும்.

இதே அடுப்படியில் வடை பொரித்த எண்ணெயைப் பாருங்கள். அது கால்வாய்ப் பக்கம் போவதில்லை. 17 கிலோ தகர டின்னில் ஊற்றி மூடி, பத்திரமாக ஓரத்தில் வைத்திருப்பார்கள். உயிரி டீசல் தயாரிக்க வாங்கிக்கொண்டு போகிறவர் வருவார், காசு கொடுப்பார். ஒரு கிலோ மானியச் சமையல் எண்ணெய்ப் பாக்கெட் 2 ரிங்கிட் 50 காசு. பழைய எண்ணெய்க்குக் கிடைக்கும் விலை பல சமயம் அதைவிட அதிகம். புது எண்ணெயே பழைய எண்ணெய் என்ற பெயரில் ஏற்றுமதியாகிறதோ என்று அரசுக்கே ஐயம் வந்தது என்றால் பாருங்கள். ஒரே சமையலறை, ஒரே கை, ஒரே கொழுப்பு. ஒன்றுக்குச் சட்டம் இருக்கிறது, ஆற்றில் கலக்கிறது. இன்னொன்றுக்கு விலை இருக்கிறது, கலக்கவில்லை. விழிப்புணர்வுச் சுவரொட்டி அடிக்கிறவர்கள் அந்தப் பெட்டியையும் இந்த டின்னையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்க்கலாம்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில், 2019-இல், நெதர்லாந்தின் ஓஷன் கிளீனப் அமைப்பு ‘இன்டர்செப்டர் 002’ என்ற மிதவை இயந்திரத்தைக் கிள்ளானில் நிறுத்தியது. சூரிய ஒளியில் ஓடும் வெள்ளைப் படகு; மிதக்கும் குப்பையைக் கன்வேயர் பெல்ட்டில் அள்ளும். மேல்பக்கம் வளைவுக்கு அப்பால் பிரிக்கத் தவறியது, கீழ்ப்பக்கம் இயந்திரத்தில் அள்ளப்படுகிறது.

குப்பையிலிருந்து போக்குவரத்துக்கு வந்தால் பிரிக்பீல்ட்ஸைத் தவிர்க்க முடியாது. 1881-இன் தீயும் வெள்ளமும் அத்தாப்புக் குடிசை நகரத்தை அழித்தபின், செங்கலால் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. செங்கல் சூளைகள் இருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆனது. பிறகு ரயில்வே வந்தது. கிள்ளானுக்கு 1886-இல் ரயில் ஓடத் தொடங்கியது. பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும் தமிழரை, யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களிலிருந்து தண்டவாளக் கூலிகள்வரை, இங்கே குடியேற்றின. அந்த ரயில் வளாகத்தின் 72 ஏக்கரில் எழுந்ததுதான் 2001-இல் திறந்த கேஎல் சென்ட்ரல். ரயில் நிலையத்தைச் சுற்றியே அலுவலகம், வீடு, கடை எல்லாம் அடர்த்தியாக அமைந்தால் மக்கள் காரை விட்டுவிடுவார்கள் என்பது உலகெங்கும் சொல்லப்படும் பாடம். மலேசியாவில் அதன் முதல் பெரிய சோதனைக் களம் இது.

பாடத்தில் இல்லாத ஒரு தெரு குறுக்கே வந்தது. 2003-இல் மோனோரயில் தொடங்கியபோது அதன் நிலையம் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் தனியாக நின்றது. ‘கேஎல் சென்ட்ரல்’ என்று பெயர் போட்டிருந்தாலும் மைய நிலையத்துக்கு வெயிலிலும் மழையிலும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கவேண்டும். பதினோரு ஆண்டு இது ஒரு நகைச்சுவையாகவே இருந்தது. 2014-இல் இணைப்பு வந்தது, நூ சென்ட்ரல் பேரங்காடியின் வயிற்றுக்குள்ளாக. பயணிக்கு வசதி. ஆனால் நடந்துபோனபோது வழியில் பூக்கடையில் நின்று, பலகாரக்கடையில் ஒரு வடை வாங்கித் தின்ற கால்கள், இப்போது குளிர்சாதனக் காற்றில் மேலேயே கடந்துவிடுகின்றன.

2010 அக்டோபர் 27-ஆம் தேதி, இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் சேர்ந்து துன் சம்பந்தன் சாலையை ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்துவைத்தார்கள். வளைவுகள், வண்ணத் தூண்கள், யானை சுமக்கும் நீரூற்று. போக்குவரத்து ஒருவழியானது. வாடிக்கையாளர் வண்டி நிறுத்த இடமில்லை, சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று கடைக்காரர்கள் புலம்பினார்கள். நாட்டின் பெரிய ரயில் சந்திப்பு எதிரிலேயே இருக்கும் ஒரு தெரு, கார் நிறுத்த இடமில்லாமல் வியாபாரம் குறைகிறது என்று அழுகிறது! முரண்போலத் தெரியும். ஆனால் தீபாவளிக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் யார் என்று பார்த்தால் முரண் தீரும். அவர்கள் எதிர் அலுவலகக் கோபுரத்தில் வேலை பார்ப்பவர்கள் இல்லை. காஜாங், ரவாங், பந்திங் என்று தொலைதூரத் தாமான்களிலிருந்து, பாட்டி முதல் கைக்குழந்தைவரை ஒரே காரில் வந்து, ஐந்து பை துணியும் ஒரு தாம்பாளமும் வாங்கித் திரும்புகிற குடும்பங்கள். அவர்களைக் கடை நோக்கி இழுப்பது உறவும் பழக்கமும். கொண்டுவந்து சேர்ப்பது கார்.

இதே சாலைக்குப் பின்னால் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, 1951-இல் தொடங்கியது. பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் இந்தத் தெருவின் அடையாளங்களில் ஒன்று. அவர்களுக்காக நடைபாதையில் மேடுகள் கொண்ட மஞ்சள் ஓடுகள் பதித்தார்கள். நடக்கத் தகுந்த நகரம் என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் இருக்க முடியாது. ஒரு மாலை நேரம் அங்கே நின்று பார்த்தால் அந்த மஞ்சள் கோட்டின்மேல் மோட்டார் நிற்கும், மாலை கட்டும் மேசை நிற்கும், நாற்காலி போட்டு யாரோ தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். வெள்ளைக் கோலோடு வருபவர் நின்று, கோலால் சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, சாலையில் இறங்கிச் சுற்றிப் போவார். இதில் யாரைக் குற்றம் சொல்ல? மாலை கட்டும் அம்மாவுக்குக் கடை வாடகை கட்டுப்படியாகாததால்தான் அவர் நடைபாதையில் இருக்கிறார். மோட்டார்க்காரர் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன். பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவான், அதற்குள் இன்னொருவன் வந்துவிடுவான். ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது, பார்வையற்றவருக்கு மட்டும் பாதை இல்லை.

கிள்ளான் பக்கம் வண்டிக் கணக்கு வேறு மாதிரி. மாதம் 50 ரிங்கிட் கட்டினால் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் பேருந்து எல்லாவற்றிலும் எத்தனை முறையும் போகலாம் என்கிற மை50 அட்டை, எனக்குத் தெரிந்து இந்தப் பள்ளத்தாக்கின் மிக நியாயமான திட்டங்களில் ஒன்று. ஆனால் கிள்ளானைத் தலைநகரோடு கட்டிவைத்திருந்தது 1995 முதல் ஓடும் கேடிஎம் கொம்யூட்டர். அது இந்த அட்டையில் சேரவில்லை. தண்டவாளப் புதுப்பிப்புப் பணியால் ஆண்டுக்கணக்கில் வண்டிகளின் இடைவெளியும் நீண்டது. ஆக, எட்டு மணிக்கு முத்திரை குத்தவேண்டிய தொழிற்சாலைக்காரர் என்ன செய்வார்? மோட்டாரில் பெட்ரோல் போடுவார். 2021 முதல் நான்காண்டுக்கு மேல் லிட்டர் 2 ரிங்கிட் 5 காசில் அரசு பிடித்து வைத்திருந்த பெட்ரோல். ஒரு கையால் ரயிலுக்கும் மறு கையால் பெட்ரோலுக்கும் மானியம் கொடுத்தால் எது ஜெயிக்கும் என்பது அவர் குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தது. கிள்ளான் வழியாக ஜொஹான் செத்தியாவரை 37 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட மூன்றாம் எல்ஆர்டி தடம், 2018-இல் ஆட்சி மாறியபோது 31 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேலிருந்த செலவு ஏறக்குறைய பாதியாக வெட்டப்பட்டு, சில நிலையங்களை இழந்து, பிறகு அவை திரும்பச் சேர்க்கப்பட்டு, இழுத்துக்கொண்டே போனது. அந்த ஆண்டுகளில் பள்ளி முடித்த பிள்ளைகள் மோட்டார் உரிமம் எடுத்துவிட்டார்கள். ஒருமுறை மோட்டார் வாங்கித் தவணை கட்டத் தொடங்கியவரை ரயிலுக்கு இழுப்பது லேசான காரியம் இல்லை.

சொந்த வீட்டுக்காரருக்கு இத்தகைய திட்டங்களின் கதவு சுலபமாகத் திறக்கிறது. பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம் 2011 முதல் வீட்டில் மின்சாரமும் தண்ணீரும் சிக்கனப்படுத்தி, மழைநீர் சேகரித்து, உரம் தயாரிப்பவர்களுக்கு மதிப்பீட்டு வரியில் கழிவு தருகிறது. நல்ல யோசனை, பலர் ஆர்வத்தோடு விண்ணப்பித்தார்கள். மதிப்பீட்டு வரி கட்டுபவர் வீட்டு உரிமையாளர். வாடகைக்கு இருப்பவர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அவருக்குக் கழிக்க வரி இல்லை. கூரையில் சூரியத் தகடு வைப்பதும் அப்படியே: கூரை யாருடையதோ மின்சாரம் அவருடையது. பதினாறாம் மாடிக்காரரின் தலைக்குமேல் இருப்பது கூரை இல்லை, இன்னொருவரின் தரை.

சொந்தமில்லாத நிலத்தில் எதுவும் நிலையில்லை என்பதற்குப் பங்சார் சாட்சி. 2017-இல் நிலவடிவமைப்பாளர் இங் செக் சான், மின்கம்பிக் கோபுரங்களுக்கு அடியில் காடாகக் கிடந்த சரிவில் ‘கெபுன் கெபுன் பங்சார்’ என்ற சமூகத் தோட்டத்தைத் தொடங்கினார். தற்காலிக உரிமத்தில் கிடைத்த நிலம். தன்னார்வலர்கள் படிப்படியாக மண்ணை வெட்டிக் கீரையும் கத்தரியும் போட்டார்கள், கால்நடையும் வளர்த்தார்கள். விளைச்சலில் ஒரு பங்கு ஏழைகளுக்குப் போனது. பக்கத்துப் பங்களாக்காரர்களில் சிலர் எதிர்த்தார்கள். மாட்டு வாடை, வண்டி நெரிசல், மண்சரிவு பயம். 2021 தொடக்கத்தில் உரிமம் ரத்து என்று கடிதம் வந்தது; பொதுமக்களின் ஆதரவுக் குரலுக்குப் பிறகுதான் பேச்சுக்கு இடம் கிடைத்தது, கால்நடைகளை அகற்றவேண்டி வந்தது.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. பங்சார் ஒருகாலத்தில் ரப்பர் தோட்டம். பங்கே, கிரிசார் என்ற இரு முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்துதான் பங்சார் ஆயிற்று என்பார்கள். பால்மரம் வெட்டிய தமிழர்களுக்குக் காய்கறி போடவும் மாடு கட்டவும் துண்டு நிலம் ஒதுக்கவேண்டும் என்று காலனிக்காலத் தொழிலாளர் சட்டமே சொன்னது, கூலியைக் குறைவாக வைத்துக்கொள்ள அது உதவியது என்பதும் உண்மை. மின்கோபுரத்தின் அடியில் மாடு மேய்த்தவர்களும் கீரைப்பாத்தி போட்டவர்களும் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க இருந்தார்கள். அவர்களை ‘அத்துமீறிக் குடியேறியவர்கள்’ என்று எழுதி வெளியேற்றினார்கள். அவர்கள் செய்தது சோதனை என்று எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அடுக்குமாடி நடைவழியில் பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலையும் முருங்கைக் கன்றும் வைத்தால், தீயணைப்பு விதிப்படி அகற்றச் சொல்லி மின்தூக்கி பக்கத்தில் அறிவிப்பு ஒட்டப்படும். நடைவழியில் சட்டி இருக்கக்கூடாது என்பது நியாயமான விதிதான். சட்டி வேறு எங்கே இருக்கலாம் என்று அந்த அறிவிப்பில் இருக்காது.

வெளியூர்ச் சோதனைகளின் மிச்சமும் இங்கே வந்து விழுந்தது. 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும், பணக்கார நாடுகளின் வீடுகளில் அக்கறையோடு கழுவிப் பிரித்த பாட்டில்கள் கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன் கொள்கலனாக வந்தன. கிள்ளானுக்குத் தெற்கே ஜெஞ்சாரோமில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, உரிமமில்லாத் தொழிற்சாலைகள் இரவில் எரித்தன. மூச்சுத்திணறிய உள்ளூர்வாசிகள் சங்கம் அமைத்து, ஒளிந்து நின்று படமெடுத்து, அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். 2019 மே மாதம் அமைச்சர் இயோ பீ இன் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களைத் திறந்து காட்டித் திருப்பி அனுப்புவதாக அறிவித்தார். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன், 3,737 டன் திரும்பிப் போனது. அந்தப் பணக்கார நாடுகளில் பிரித்து வைத்தவர்களுக்குத் தரை வீடு இருந்தது, வாசலில் மூன்று நிறத்தில் தொட்டி இருந்தது, நேரமும் இருந்தது. அவர்கள் பங்கைச் சரியாகச் செய்தார்கள். அதன் புகை ஜெஞ்சாரோம் பிள்ளைகளின் படுக்கையறைக்குள் வந்தது.

2021 டிசம்பர் 18. ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது. நகர மையத்தைக் காக்க 2007-இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம், மேலே சாலையும் கீழே வெள்ளநீரும் என்று உலகம் வியந்த பொறியியல், வேலை செய்தது. கீழே, ஷா ஆலாமும் கிள்ளானும் சந்திக்கும் பக்கம் தாமான் ஸ்ரீ மூடாவில், மக்கள் கூரைமேலும் மேல்மாடியிலும் நாள்கணக்கில் படகுக்குக் காத்திருந்தார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் சமைத்த சோற்றுப் பொட்டலங்கள் அவர்களுக்குப் போயின. தண்ணீர் வடிந்தபின் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் மெத்தை, சோபா, அரிசிச் சாக்கு, பள்ளிப் புத்தகம், குளிர்பதனப் பெட்டி எல்லாம் சேற்றோடு ஒரே குவியலாகக் கிடந்தன. அள்ளும் லாரிகள் போதவில்லை. குவியல்கள் சாலையை அடைத்தன.

அந்த வாரத்தில் தாமானுக்குள் மெதுவாக நகர்ந்த வண்டிகளில் பழைய இரும்பு லாரியும் ஒன்று. ஒலிபெருக்கியை அணைத்து வைத்திருந்தார் ஓட்டுநர். ஒரு வீட்டு முன்னால் நிறுத்தி, குளிர்பதனப் பெட்டியைக் காட்டி, “எடுத்துக்கவாம்மா?” என்று கேட்டார். வாசற்படியில் சேறு வழித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். இன்னும் எட்டு மாதத் தவணை பாக்கி இருக்கிறது என்றார். பிறகு, எவ்வளவு கொடுப்பீங்க தம்பி என்று கேட்டார்.